ஹைகிரவுண்டில் ஒரு பகல்

மே மாதம் பிறந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. சொந்தக்காரர்கள், அம்மாவோடு வேலை பார்த்தவர்கள், யாரோ நம்பர் கொடுத்தார்கள் என்று அழைப்பவர்கள். விசாரிப்பது ஒன்றைத்தான். பிள்ளைக்கு மார்க் இவ்வளவு, எம்.பி.பி.எஸ். கிடைக்காது, அடுத்தது எதில் சேர்க்கலாம்? அந்த ‘அடுத்தது’க்கு நம் வீடுகளில் ஒரு படிக்கட்டே கட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் பல் மருத்துவம். அது இல்லையென்றால் சித்தா. பிறகு பி.பார்ம்., பிசியோதெரபி, நர்சிங். கடைசியில் ‘ஏதாவது ஒரு பாராமெடிக்கல்’. மேலே இடமில்லையென்றால் ஒரு படி இறங்கு, அங்கும் இல்லையென்றால் இன்னொன்று. இறங்கி உட்காரப் போகிற பிள்ளை அங்கே காலையிலிருந்து மாலைவரை என்ன வேலை செய்யப் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

நான் காது கேட்கும் திறனை அளந்து, பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். ஆஸ்பத்திரியில் ஆடியாலஜிஸ்ட் என்பார்கள், ஸ்பீச் தெரபிஸ்ட் என்பார்கள். இரண்டும் ஒரே பட்டப்படிப்பில் வருபவை. நான் இந்தப் படிப்புக்கு எந்தப் படியிலிருந்தும் இறங்கி வரவில்லை. வேலையை முதலில் பார்த்தேன், அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று பிறகு விசாரித்தேன், அதற்கேற்றபடி பதினொன்றாம் வகுப்பிலேயே பாடங்களை எடுத்தேன். கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த ஒருத்திக்கு இது தானாக வாய்க்காது. வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். எனக்கு ஓர் அக்கா கிடைத்தார்.

2004ஆம் ஆண்டு. எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு. சித்தி மகனுக்கு இரண்டரை வயது ஆகியும் பேச்சு வரவில்லை. “அவன் அப்பனும் மெதுவாத்தாம்ட்டி பேசுனான்” என்று ஆச்சி சித்தியைத் தேற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று முதலில் சந்தேகப்பட்டது சித்திதான். வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் லாரி போனால் அவன் திரும்பிப் பார்ப்பான். பின்னால் போய்க் காலை ஓங்கி மிதித்தால் நிமிர்வான். “நல்லாத்தானே கேக்கு அவனுக்கு” என்பாள் ஆச்சி. தரை அதிர்வதை அவன் உடம்பு அறிந்துகொள்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்று என் அறைக்கு வருகிற பெற்றோர் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். கதவை அறைந்தால் பார்க்கிறான், அதனால் காது கேட்கிறது என்று நினைத்தோம் என்பார்கள். அப்படி நினைத்த மாதங்கள்தான் அந்தக் குழந்தை மொழியைக் கற்க வேண்டிய மாதங்கள்.

சித்தப்பா வளைகுடாவில் இருந்தார். சித்திக்குத் துணையாகப் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் பாளையங்கோட்டைக்குப் போவேன். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் எங்கள் பக்கத்தில் நின்று யோசிப்பார்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்றால்தான் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார். அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவை ஒட்டி ஓர் அறை. தடித்த கதவு, உள்ளே சுவரெங்கும் சத்தத்தை விழுங்கும் மெத்தை, நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல். கதவைச் சாத்தியதும் வராந்தா இரைச்சல் மொத்தமும் அறுந்துபோகும்.

அந்த அறையில் இருந்தவர்தான் அக்கா. நாகர்கோவில்காரர். சோதனை முடிந்தபின் ஒரு தாளைச் சித்தி முன்னால் வைத்து நிதானமாகச் சொன்னார். மேலே இடமிருந்து வலமாகச் சத்தத்தின் அதிர்வெண், 250இலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை. மேலிருந்து கீழே டெசிபல். வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. தாளின் நடுவில் வாழைப்பழ வடிவத்தில் ஒரு பகுதியைப் பென்சிலால் வரைந்தார். நாம் பேசும் எழுத்துகளின் ஒலியெல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன என்றார். எங்கள் பிள்ளையின் வட்டமும் பெருக்கலும் அந்தப் பழத்துக்கு வெகு கீழே கிடந்தன. சித்தி அழுதாள். அக்கா அவசரப்படவில்லை. அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று ஆரம்பித்தார்.

அரசு இலவசமாகக் கொடுத்த பாக்கெட் மாடல் கருவி கிடைத்தது. சட்டைக்கு மேலே ஒரு சின்னப் பை, அதிலிருந்து காதுக்கு ஒயர். அதன்பிறகு பயிற்சி. அக்கா வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். டேனியல் லிங் என்ற பேராசிரியர் வகுத்த ஆறு ஒலிகள் அவை. ‘ம்’மும் ‘ஊ’வும் தாழ்ந்த அதிர்வெண், ‘ஸ்’ மிக உயர்ந்தது. எந்த ஒலிக்குப் பிள்ளை அசைகிறது, எதற்கு அசையவில்லை என்று பார்த்தால், கருவி எதுவரை பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்த மின்சார உபகரணமும் வேண்டாம், ஒரு வாயும் ஒரு அட்டையும் போதும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

“அக்கா, நீங்க டாக்டரா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்ல பிள்ள. மருந்து, ஆபரேஷன் எல்லாம் அந்த ரூம்ல டாக்டர் பாப்பாங்க. எவ்வளவு கேக்குன்னு அளக்கது, மிஷின் பொருத்துது, பேச வைக்கது, இது மூணும் என் வேலை.”

“இதுக்கு என்ன படிக்கணும்?”

“நீ எத்தனாவது?”

“அடுத்த வருஷம் பத்து.”

“அப்போ நேரம் இருக்கு. இது காலேஜ்ல ஆரம்பிக்கிற விஷயம் இல்ல. பதினொண்ணுல என்ன குரூப் எடுக்கேங்கிறதுல ஆரம்பிக்கு.”

ஓ.பி. சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார்: இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். இயற்பியலுக்குக் கீழே இரண்டு கோடு. காது உயிரியலில் வருகிறது, இயற்பியல் எதற்கு என்று கேட்டேன். “சத்தம்னா என்ன? அலை. அலை எந்தப் புத்தகத்துல இருக்கு?” என்றார். கணிதம் கட்டாயமில்லை, இயற்பியலும் வேதியியலும் இருந்து மூன்றாவதாக உயிரியலோ கணிதமோ இருந்தால் போதும் என்றும் சொன்னார். ஆனால் இரண்டையும் எடுத்தால் எந்தக் கதவும் மூடாது. நடுவில் மனம் மாறினாலும் ஒரு வருஷம் வீணாகாது.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் அக்கா ஒரு நிபந்தனை போட்டார். முடிவு எடுக்கும் முன் ஒரு நாள் முழுக்க வந்து அந்த அறையில் உட்கார வேண்டும். காலையில் வந்துவிட்டு மத்தியானம் ஓடக்கூடாது. துறைத் தலைவரிடம் அனுமதி அவரே வாங்கினார். உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும், “இந்தப் பிள்ளை படிக்கணும்னு பாக்க வந்திருக்கு, இருக்கலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் என்னை உட்கார விட்டார். வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னதும் நான் வெளியே போய் நின்றேன். நோயாளியின் சம்மதம் என்பதை நான் படித்தது அந்த வராந்தாவில்தான்.

முதலில் வந்தவர் சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி. காது கேட்கிறது, ஆனால் கூட்டத்தில் யாராவது பேசினால் புரியவில்லை என்றார். கோடு வரைந்தபோது மற்ற இடங்களில் ஓரளவு சமமாகப் போய், 4000 ஹெர்ட்ஸில் மட்டும் குழியாக இறங்கிப் பின் ஏறியது. இரைச்சல் காதைத் தின்றால் அந்த இடத்தில்தான் முதலில் தின்னும் என்று அக்கா அவருக்கே காட்டினார். போன கேள்வித்திறன் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், தறிக்கூடத்தில் காதடைப்பான் போடுங்கள் என்றார். “எல்லாரும் சிரிப்பாங்களேம்மா” என்றார் அவர். அக்கா அதற்கும் நேரம் எடுத்துப் பேசினார்.

அடுத்து நாலு வயதுச் சிறுமி. பெரியவர்களிடம் சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொல்லலாம். காது கேட்காத நாலு வயதுக்கு எப்படிச் சொல்வது? அக்கா அவள் கையில் ஒரு பாசிமணியைக் கொடுத்து, அந்தக் கையைக் கன்னத்தோடு ஒட்டி வைத்தார். பெரிய சத்தம் ஒன்றைக் கொடுத்து, தன் கையாலேயே அவள் கையைக் கொண்டுபோய் டப்பாவில் மணியைப் போட வைத்தார். மறுபடி கன்னம், மறுபடி சத்தம், மறுபடி டப்பா. கொஞ்ச நேரத்தில் கையை விட்டுவிட்டார். சிறுமி மணியைக் கன்னத்தில் அழுத்தியபடி அசையாமல் இருந்தாள். அறையில் எல்லோரும் அசையாமல் இருந்தோம். திடீரென்று மணி டப்பாவில் விழுந்தது. என் காதில் ஒன்றும் விழவில்லை, சத்தம் அவள் ஹெட்போனுக்குள். அவள் முகம் மலர்ந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அக்கா தாளில் ஒரு சிவப்பு வட்டம் போட்டார். அந்த ஒரு வட்டத்துக்குப் பின்னால் இவ்வளவு பொறுமை இருக்கிறது என்று சித்தியிடம் தாளைக் காட்டிய அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு பக்கவாதம் வந்து பேச்சிழந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். பேனாவைக் காட்டினால் அது என்னவென்று அவருக்குத் தெரிகிறது, பெயர் வரவில்லை. “எழுத... எழுத...” என்று திணறினார். மனைவி உடனே “பேனா” என்று எடுத்துக் கொடுக்கப் போனார். அக்கா அவரைக் கையமர்த்திவிட்டுக் காத்திருந்தார். நான் அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல் தவித்தேன். அக்கா முகத்தில் அவசரமே இல்லை. கடைசியில் சொல் வந்தது.

மத்தியானத்துக்கு மேல் ஒன்றுமில்லை. பதிவேடு எழுதுவது, சான்றிதழ் படிவம் நிரப்புவது, காதில் வைக்கும் அச்சுகளைத் துடைத்து வைப்பது. அந்தச் சலிப்பான மூன்று மணி நேரத்தையும் பார்க்க வேண்டும் என்றுதான் முழு நாள் இருக்கச் சொன்னேன் என்றார் அக்கா. மணி விழுகிற நிமிடத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் படிவத்தையும் பார்த்துவிட்டு ஆசைப்படட்டும் என்பது அவர் கணக்கு. எந்தத் தொழிலைப் படிக்க வருகிறவருக்கும் இதைவிட நல்ல நுழைவுத் தேர்வு இருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

வீட்டில் பேச்சு எளிதாக முடியவில்லை. “டாக்டர்னா ஊருக்குத் தெரியும், நர்ஸ்னா தெரியும். இது யாருக்குத் தெரியும்?” என்றார் பெரியப்பா. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் தாலுகாவில் அந்தப் படிப்பு படித்தவர் யாரும் இல்லை. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், எதையும் எழுதிப் பார்த்தால்தான் நம்புவார். “அந்தம்மா சொன்னதையெல்லாம் ஒரு நோட்டுல எழுது, பாப்போம்” என்றார். அங்கன்வாடியில் வேலை பார்த்த அம்மா மட்டும், “பேசாத பிள்ளைகள நான் தினமும் பாக்கேன். யார்கிட்ட அனுப்பன்னுதான் தெரியல” என்றாள்.

அந்த நோட்டு எழுதும்போது ஒன்று தெளிவானது. அதைத்தான் இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் சொல்கிறேன். மருத்துவம் சார்ந்த தொழில்களில் இரண்டு வகை உண்டு. சிலவற்றுக்குப் பிளஸ் டூ முடித்ததும் அந்தப் பட்டத்திலேயே நுழைந்தாக வேண்டும். செவிலியர், பிசியோதெரபி, மருந்தாளுநர், கண்பார்வைப் பரிசோதகர், எங்கள் தொழில் எல்லாம் இந்த வகை. விலங்கியல் பி.எஸ்சி. படித்துவிட்டு மேற்படிப்பில் ஆடியாலஜி சேர முடியாது, இளநிலையே அதில்தான் இருக்க வேண்டும். வேறு சிலவற்றுக்குச் சாதாரணக் கலை அறிவியல் கல்லூரியிலிருந்தே வழி இருக்கிறது. இயற்பியல் பட்டம் பெற்றவர் மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி. படித்துப் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் வேலைக்குப் போகலாம். உளவியல் படித்தவர் அதற்குரிய மேற்படிப்பை முடித்து மருத்துவ உளவியலாளர் ஆகலாம். எந்தப் பட்டம் பெற்றவரும் எம்.எஸ்.டபிள்யூ. படித்து மருத்துவமனைச் சமூகப் பணிக்கு வரலாம். பொதுச் சுகாதாரத்துக்கும் அப்படித்தான். பிளஸ் டூ முடித்த மே மாதத்தில் முடிவு எடுக்க முடியாத பிள்ளைக்கு இந்த இரண்டாவது வகை மூன்று வருஷ அவகாசம் தருகிறது. முதல் வகையில் போக வேண்டிய பிள்ளைக்கு அந்த மூன்று வருஷம் சுற்றுவழி. எது எந்த வகை என்று தெரியாமலேயே நம் வீடுகளில் முடிவுகள் எடுக்கப்படுகின்றன, இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2006 ஜூனில் முதல் குரூப் எடுத்தேன். நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தபோதுதான் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 1980களின் நடுவிலிருந்து இருந்து வந்த தேர்வு. அந்த நாட்களில் அதன்பின் பிளஸ் டூ மார்க் மட்டும்தான். மருத்துவத்துக்கு உயிரியலை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் சுருக்கி, மொத்தம் 200க்குக் கட் ஆஃப். வகுப்பே ப்ளூ பிரிண்ட் பார்த்து, பாடத்தின் பின்பக்கக் கேள்விகளை உருப்போட ஆரம்பித்தது. எனக்கு அது மட்டும் போதவில்லை. அக்கா படித்தது மைசூரில், அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தில். 1965இல் மத்திய அரசு தொடங்கியது. தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அங்கே தனி நுழைவுத் தேர்வு, அதுவும் ஆங்கிலத்தில். அதனால் நோட்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடதுபுறம் அதிர்வெண், வீச்சு, ஒத்ததிர்வு, மடக்கை. வலதுபுறம் அவற்றின் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும். இயற்பியல் சார் தன்னிடமிருந்த என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களைக் கொடுத்தார். ஒவ்வொரு பாடத்தையும் தமிழில் புரிந்துகொண்டு, பிறகு அதே பாடத்தை ஆங்கிலத்தில் வாசிப்பேன். தமிழ் வழிப் பிள்ளைகள் பயப்பட வேண்டியதில்லை, பிளஸ் ஒன்னிலேயே இதைத் தொடங்கினால் போதும். பிளஸ் டூ முடிந்து கல்லூரிக்குள் போன பிறகு தொடங்குவதுதான் மூச்சு முட்டுகிறது.

மார்க் வந்தது. எம்.பி.பி.எஸ். எட்டாத தூரம், பெரியப்பாவின் திருப்திக்காகப் போட்ட விண்ணப்பம் அதோடு முடிந்தது. அந்த வாரத்திலேயே வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றின் ஆள் வீட்டுக்கு வந்தார். பேச்சு, செவித்திறன் படிப்பு எங்களிடமே இருக்கிறது, மைசூர்வரை எதற்கு, இப்போதே பணம் கட்டினால் ஹாஸ்டலில் சலுகை என்றார். அப்பா நோட்டை எடுத்தார். “ஆர்.சி.ஐ. அங்கீகாரக் கடிதம் இருக்கா?” என்று கேட்டார். “அப்ளை பண்ணியிருக்கோம், வந்துரும்” என்றார் அவர். “வந்தபிறகு வாங்க” என்று அப்பா தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அதன் பதிவேட்டில் பெயர் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கவுன்சில் ஏற்காத கல்லூரியில் படித்தால் பட்டம் கையில் இருக்கும், பதிவு எண் கிடைக்காது. இதைக் கூட்டுறவுச் சங்க எழுத்தரான என் அப்பா தெரிந்துவைத்திருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமை.

மைசூருக்குப் போனது சத்தியமங்கலம் வழி. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி. முதல் பருவத்தில் குரல்வளையின் குருத்தெலும்புகள், ஒலியியல், மொழியியல், உளவியல், புள்ளியியல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. வகுப்பில் பலர் டெசிபலில் தடுமாறினார்கள். பூஜ்ஜியம் டெசிபல் என்றால் சத்தமே இல்லை என்று பொருளல்ல, 60 டெசிபல் என்றால் அதைவிடப் பத்து லட்சம் மடங்கு செறிவு. மடக்கை தெரிந்தால் இது ஒரு வரி, தெரியாவிட்டால் ஒரு பருவம் முழுக்கத் தலைவலி. ஓ.பி. சீட்டில் அக்கா போட்ட இரண்டு கோட்டின் பொருள் எனக்கு அன்று முழுதாகப் புரிந்தது.

திட்டத்தில் எழுதாமல் விட்டது கன்னடம். மூன்று ஆண்டு படிப்பு, பிறகு ஓராண்டு பயிற்சிப் பணி என்றாலும், சிகிச்சை அறைக்குள் மாணவர்களை ஆரம்பத்திலேயே அனுப்பிவிடுவார்கள். மொழியே சிகிச்சையாக இருக்கிற தொழிலில் மொழி தெரியாமல் எப்படி? காய்கறிக் கடையில், ஹாஸ்டல் சமையலறையில் என்று கன்னடம் பிடித்தேன். தமிழ்க் குடும்பங்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பயிற்சிக்குத் தமிழ்ச் சொற்கள் தொகுத்தபோது, கண்ணாடி முன் நின்று ‘படி’, ‘மடி’ என்று ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்தேன். உதட்டில் இரண்டும் ஒன்றே. காது கேட்காத ஒருவர் ஒரு நாளில் இப்படி எத்தனை சொற்களை ஊகித்துக் கடக்கிறார் என்று எண்ணியபோது, சித்தி மகனின் பிடிவாதத்துக்கும் கோபத்துக்கும் காரணம் விளங்கியது.

2012இல் படிப்பை முடித்துப் பதிவு எண்ணோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பினேன். நல்ல காலத்தில் வந்தேன் என்று சொல்ல வேண்டும். 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்திலும், 2012 முதல் வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்திலும், உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் சேர்ந்திருந்தது. லட்சக்கணக்கில் செலவாகும் அறுவை சிகிச்சை, ஆறு வயதுக்கு உட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாக நடந்தது. அறுவை சில மணி நேரம்தான். அதன்பின் கேட்கப் பழக்குவதற்கு ஓராண்டுக்கும் மேல் வேண்டும். அந்த ஓராண்டைக் கொடுக்க ஆட்கள் போதவில்லை, இன்றும் போதவில்லை. வாரந்தோறும் பஸ் ஏறி வரும் தாய், கூலியை இழந்து உட்கார்ந்திருக்கும் தகப்பன் எல்லோரையும் நான் அன்றாடம் பார்க்கிறேன். மாவட்டத்துக்குச் சில பேராவது இந்த வேலைக்கென்றே படித்து வந்தால் அவர்கள் பயணம் பாதியாகக் குறையும்.

சித்தி மகனுக்கு இம்ப்ளான்ட் காலம் கடந்துவிட்டது. பாளையங்கோட்டையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளியில் படித்தான். சைகை மொழியில் அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். வாய்ப்பேச்சு கொஞ்சம்தான் வந்தது. என் தொழில் தோற்ற இடம் என்று அவனைக் காட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவனுக்கு ஒரு முழு மொழி இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், அச்சகத்தில் வேலை இருக்கிறது. காது கேட்காதவரைப் பேசவைப்பது மட்டுமே வெற்றி என்று நினைக்கிற மாணவர்களிடம் இவனைப் பற்றித்தான் சொல்வேன். எந்தக் குழந்தைக்கு எந்த வழி என்று குடும்பத்தோடு உட்கார்ந்து நேர்மையாகப் பேசுவதும் எங்கள் வேலைதான். அதற்கும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்று நிலைமை எங்கள் காலத்தைவிட மேல். 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிசியோதெரபி, கண்பார்வைப் பரிசோதனை, ஆய்வக அறிவியல் போன்ற துறைகளுக்குத் தேசிய ஆணையம் வந்திருக்கிறது. செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் சுதந்திரம் கிடைத்த காலத்திலிருந்தே கவுன்சில்கள் உண்டு. எந்தப் படிப்பானாலும் பணம் கட்டும் முன் அதற்குரிய அமைப்பு எது, அந்தக் கல்லூரி அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘வந்துரும்’ என்றால் எழுந்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால், உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பு விடுமுறையில் இருந்தால், பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆய்வகத்திலோ, மருந்தகத்திலோ, பிசியோதெரபி அறையிலோ, எங்களைப் போன்றவர்களின் அறையிலோ அனுமதி கேட்டு ஒரு நாள் முழுக்க உட்கார வையுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். என்னிடம் கேட்டு வந்த எந்தப் பிள்ளையையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. வருகிற பிள்ளை சாப்பாடு கட்டிக்கொண்டு வரட்டும், சாயங்காலம் ஐந்து மணிவரை இருக்க வேண்டும்.